நீக்கியவர் ஒருவர், ஏச்சு வாங்கியவர் வேறொருவர்: செல்சி, நவம்பர் 2012

2012 நவம்பர் 21, புதன்கிழமை. இந்தியத் தொலைக்காட்சிகளில் அன்று ஒரே செய்திதான். காலை ஏழரை மணிக்கு எரவாடா சிறையில் அஜ்மல் கசாப் தூக்கிலிடப்பட்டிருந்தான். வேறு எதற்கும் இடமில்லை. லண்டனில் செல்சி கால்பந்துக் கழகம் தன் மேனேஜரை, அதாவது தலைமைப் பயிற்சியாளர் ராபர்ட்டோ டி மத்தேயோவை, வேலையை விட்டு அனுப்பிவிட்டது என்ற சேதி, நீலகிரி கூடலூரில் எங்களுக்குப் பிற்பகலில் கைப்பேசி வழியாகத்தான் வந்து சேர்ந்தது. சிலர் புரளி என்றே நினைத்தார்கள். நினைத்ததில் தப்பில்லை. அந்தக் கழகத்துக்கு, ஐரோப்பியக் கழகங்களின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் முதல் கோப்பையை அவர் வாங்கிக்கொடுத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

அவசரக்கார முதலாளி, பாவப்பட்ட மேனேஜர், கொதித்துப்போன ரசிகர்கள் என்று இந்தக் கதையை மூன்று வரியில் முடித்துவிடலாம். பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் உறுத்துவது வேறு. ரசிகர்கள் கொதித்தது உண்மை. ஆனால் அந்தக் கொதிப்பு நீக்கியவர் பக்கம் போகவே இல்லை, அடுத்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் மேல் போய் விழுந்தது. செல்சியின் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்திலும் அப்படித்தான், நீலகிரியின் கேரள எல்லையோரத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எங்கள் கூட்டத்திலும் அப்படித்தான். ஏன் அப்படி ஆனது என்பதை அடி முதல் பார்க்க வேண்டும்.

கூடலூருக்கு செல்சி வந்த வழி

கூடலூர், பந்தலூர் பக்கத்துக் கால்பந்து ஊட்டியிலிருந்து இறங்கி வந்ததல்ல. மலப்புறத்திலிருந்து நாடுகாணி வழியாக மலையேறி வந்தது. பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டம் அங்கே ஒரு திருவிழா. நிலம்பூருக்கும் மஞ்சேரிக்கும் ஜீப் பிடித்துப் போய் ஆட்டம் பார்த்துவிட்டு விடியற்காலையில் ஊர் திரும்பியவர்கள் இங்கே ஏராளம். அந்த அணிகளுக்கு ஆட நைஜீரியாவிலிருந்தும் கானாவிலிருந்தும் ஐவரி கோஸ்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அதனால் கேபிளில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் வந்தபோது, ஐவரி கோஸ்டின் ட்ரோக்பாவும் கானாவின் எஸ்ஸியனும் நைஜீரியாவின் மைக்கேலும் ஒரே நீலச் சட்டையில் ஓடியதைப் பார்த்து இங்கே யாருக்கும் அன்னியமாகத் தோன்றவில்லை. அப்போதைய செல்சி மேனேஜர் மொரீனியோவின் முதல் இரண்டு லீக் பட்டங்கள், 2005, 2006. அந்த இரண்டு வருடத்தில் எங்கள் பக்கத்துப் பையன்களில் பாதிப்பேர் செல்சிக்காரர்கள் ஆகிவிட்டார்கள். மீதிப்பேர் மான்செஸ்டர் யுனைடெட். ஆர்சனலுக்கு ஒன்றிரண்டு பேர் உண்டு, அவர்களை விட்டுவிடுவோம்.

எங்கள் கூட்டத்தில் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் குடியிருப்பில் வளர்ந்த, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பிள்ளைகள் உண்டு. டவுனில் கடை வைத்திருக்கும் மலையாளி இக்காமார் உண்டு. ஜீப் ஓட்டுகிறவர்கள், காலேஜ் பையன்கள், தனியார் எஸ்டேட் ஒன்றில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். அவரை எல்லாரும் மாமா என்போம்.

முதலாளியின் கணக்கு

ரஷ்யக் கோடீஸ்வரர் ரோமன் அப்ரமோவிச் 2003இல் செல்சியை வாங்கினார். கடனில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த கழகம் அது. ஒரே கோடையில் நிலைமை தலைகீழானது. அதற்கு அவர் எழுதாமல் எழுதிய நிபந்தனை ஒன்று இருந்தது: ஜெயிக்காவிட்டால் இடம் காலி. அடுத்த வருடமே மேனேஜர் ரனியேரி போனார். இரண்டு லீக் பட்டம் வாங்கிய மொரீனியோ 2007 செப்டம்பரில் போனார். இடையில் வந்த அவ்ரம் கிரான்ட் 2008இல் அணியை மாஸ்கோ இறுதியாட்டம் வரை கொண்டுபோய், பெனால்டியில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோற்று, சில நாளில் வெளியே. பிரேசிலுக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்த ஸ்கொலாரி ஒரு சீசன்கூடத் தாங்கவில்லை. ஆன்செலோட்டி 2010இல் லீக்கும், இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையும் சேர்த்து வென்றார். அடுத்த வருடம் கடைசி ஆட்டத்தில் எவர்ட்டனிடம் தோற்றதும், அந்த மைதானத்தை விட்டுக் கிளம்பும் முன்பே அவருக்கு வேலை போய்விட்டது.

அப்புறம் வில்லாஸ்-போவாஸ். போர்ட்டோவிலிருந்து அவரை விடுவிக்க ஏறக்குறைய 1.5 கோடி யூரோ கொடுத்தார்கள். வயது 33. மூத்த ஆட்டக்காரர்களோடு ஒத்துப்போகவில்லை. 2012 மார்ச் 3 அன்று வெஸ்ட் பிராமிடம் தோற்றார், மறுநாள் நீக்கப்பட்டார். அன்று யாரும் அழவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். எங்கள் கூட்டத்தில் "அப்பாடா" என்றுதான் சொன்னார்கள். அதே முதலாளி, அதே அவசரம், அதே முறை. ஆள் பிடிக்காதவராக இருந்தால் அந்த அவசரத்துக்குச் சுறுசுறுப்பு என்று பேர்.

அவருடைய உதவியாளராக இருந்த டி மத்தேயோவிடம் இடைக்காலப் பொறுப்பு வந்தது. அவர் வெளியாள் அல்ல. 1996 முதல் 2002 வரை செல்சியின் நடுக்கள ஆட்டக்காரர். 1997 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் ஆகும் முன்பே கோல் போட்டவர், 2000 இறுதியில் ஒரே கோலையும் போட்டவர். கால் உடைந்ததால் ஆட்டவாழ்க்கை முடிந்துபோனவர். பழைய ரசிகர்களுக்கு அவர் வீட்டுப் பிள்ளை.

பிறகு நடந்ததை விவரிக்கத் தொடங்கினால் நிறுத்த முடியாது. நாப்போலியிடம் முதல் ஆட்டத்தில் 3–1 என்று தோற்றிருந்த அணி, திரும்ப ஆடி 4–1 என்று ஜெயித்தது. பார்சிலோனாவில் கேப்டன் டெர்ரி சிவப்பு அட்டை வாங்கிப் போனபின் பத்துப் பேரோடு 2–2. மே 19 இறுதியாட்டம் மியூனிக்கில், பயர்னின் சொந்த மைதானத்தில். நமக்கு நள்ளிரவு தாண்டிக் கால் மணிக்குத் தொடக்கம். 83ஆவது நிமிடம் பயர்னின் முல்லர் கோல். முடிந்தது என்று இரண்டு பேர் எழுந்து செருப்பு மாட்டிவிட்டார்கள். 88இல் ட்ரோக்பாவின் தலையடி. கூடுதல் நேரத்தில் ராபனின் பெனால்டியை எங்கள் கோல்கீப்பர் செக் பிடித்தார். கடைசிப் பெனால்டியும் ட்ரோக்பா. அந்த இரவு கூடலூரில் நாய்கள் குரைத்து அடங்க வெகுநேரம் ஆனது.

ஆனால் அதே சீசனில் லீக்கில் செல்சி ஆறாவது இடம். ஐரோப்பியக் கோப்பை கிடைத்திராவிட்டால் அடுத்த வருடச் சாம்பியன்ஸ் லீக்குக்கே தகுதி இல்லை. அப்ரமோவிச் இதைக் கவனித்திருப்பார் என்று எடுத்துக்கொள்ளலாம். கோப்பை வாங்கித் தந்தவருக்கு உடனே வேலை உறுதி செய்யப்படவில்லை. ஜூன் நடுவில்தான் இரண்டு வருட ஒப்பந்தம் வந்தது. பார்சிலோனாவை விட்டு ஓய்விலிருந்த குவார்டியோலா மேல் முதலாளிக்குக் கண் என்ற பேச்சு அந்த வருடம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. சுருங்கச் சொன்னால், நாற்காலி கொடுத்தார்கள், ஆனால் சாய்ந்து உட்காரச் சொல்லவில்லை.

ட்யூரின் இரவும் மறுநாளும்

புது சீசன் தொடக்கம் பிரமாதம். ட்ரோக்பா போயிருந்தார், அசாரும் ஆஸ்கரும் வந்திருந்தார்கள். லீக்கில் முதல் எட்டு ஆட்டத்தில் ஏழு வெற்றி, ஒரு டிரா. அப்புறம் சரிவு: மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 3–2 தோல்வி, இரண்டு டிரா, வெஸ்ட் பிராமிடம் தோல்வி. அப்போதும் லீக்கில் மூன்றாவது இடம், முதலிடத்துக்கு நான்கு புள்ளிதான் தூரம். சாம்பியன்ஸ் லீக்கில்தான் வினை. நவம்பர் 20 இரவு ட்யூரினில் யுவென்டஸிடம் 3–0. ஜனவரி 2011இல் 5 கோடி பவுண்டு கொடுத்து முதலாளி வாங்கிய டோரஸை அன்று டி மத்தேயோ பெஞ்சில் உட்கார வைத்திருந்தார். அந்தத் தோல்வியோடு அடுத்த சுற்றுக்குப் போவது செல்சியின் கையில் இல்லாமல் போயிற்று.

மறுநாள் காலை நீக்கம். சமீபத்திய ஆட்டங்களும் முடிவுகளும் போதவில்லை, கழகம் சரியான திசையில் போக இப்போதே மாற்றம் வேண்டும் என்ற சாரத்தில் ஓர் அறிக்கை. அன்றே ரஃபேல் பெனிட்டஸ் சீசன் முடியும்வரை இடைக்கால மேனேஜர் என்று அறிவிப்பு.

முதலாளி பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். டிசம்பரில் குழுநிலை முடிந்தபோது, நடப்பு சாம்பியனாக இருந்துகொண்டு சாம்பியன்ஸ் லீக் குழுநிலையிலேயே வெளியேறிய முதல் அணி என்ற பெயர் செல்சிக்கு வந்தது. அதற்கு அடித்தளம் டி மத்தேயோ காலத்தில்தான் போடப்பட்டது. சீசன் தொடக்கத்தில் ஐரோப்பிய சூப்பர் கோப்பையில் அட்லெட்டிக்கோவிடம் 4–1 என்று வாங்கிய அடியையும் மறக்க முடியாது. அவர் பெரிய மேனேஜரா என்று கேட்டால் எனக்கே சந்தேகம்தான். பிறகு ஷால்கவிலும் ஆஸ்டன் வில்லாவிலும் அவருக்கு நீண்ட காலம் அமையவில்லை.

பதினாறாவது நிமிடம்

நவம்பர் 25, ஞாயிறு. எதிரணி மான்செஸ்டர் சிட்டி, நமக்கு இரவு ஒன்பதரை மணி. அந்த மாதம் சென்னையைத் தவிர்த்த தமிழ்நாட்டுக்கு மின்வெட்டு மாதம். பகலில் மின்சாரம் இருந்த நேரத்தை எண்ணிவிடலாம், இரவில் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இன்வெர்ட்டர் வைத்திருந்த இக்காவின் கடையில்தான் எல்லாரும் கூடினோம்.

பெனிட்டஸ் களத்தோரம் வந்ததும் எழுந்த கூச்சல் டிவி ஒலிபெருக்கியையே நடுக்கியது. சொந்த மைதானத்தில் சொந்த மேனேஜருக்கு, அதுவும் ஒரு ஆட்டம்கூட ஆடாதவருக்கு, அப்படி ஒரு வரவேற்பு. அவரைப் போகச் சொல்லி அட்டைகள். டி மத்தேயோ பேர் சொல்லிப் பாட்டு. பதினாறாவது நிமிடம் வந்ததும் மைதானமே எழுந்து கைதட்டியது, ஏனென்றால் ஆடிய காலத்தில் டி மத்தேயோவின் சட்டை எண் 16. கடையில் நாங்களும் தட்டினோம். வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்தவர் கோல் விழுந்துவிட்டது என்று ஓடி வந்தார். கோல் விழவே இல்லை. ஆட்டம் 0–0. அந்தக் கைதட்டல் அன்றோடு நிற்காமல் அடுத்தடுத்த ஆட்டங்களிலும் தொடர்ந்தது.

பெனிட்டஸ் மேல் ஏன் இவ்வளவு? பழைய பகை. 2004 முதல் 2010 வரை லிவர்பூல் மேனேஜர். 2005 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் லூயிஸ் கார்சியா அடித்த பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று இன்றுவரை சண்டை போடலாம். அந்த ஒரு கோலில் செல்சி வெளியேறியது. 2007இல் மறுபடி அரையிறுதி, மறுபடி லிவர்பூல். அந்தச் சமயத்தில் செல்சி இருக்கைகளில் பிளாஸ்டிக் கொடிகள் வைப்பதைக் குத்திக்காட்டி, எங்கள் ரசிகர்களுக்குக் கொடி கொடுக்கத் தேவையில்லை என்ற பொருளில் பெனிட்டஸ் பேசினார். ஐந்து வருடம் கழித்தும் அதை யாரும் மறக்கவில்லை. கூடலூரில் பாதிப்பேருக்கு 2012இல்தான் அந்தப் பேச்சே தெரியவந்தது. ஆனாலும் சொந்தக் காதால் கேட்டவர்களைப்போல அவ்வளவு கோபம்.

இடைவேளையில் மாமாதான் ஆரம்பித்தார்.

"ஏன்டா தம்பி, இவன் என்ன பண்ணினான்?"

"மாமா, இவன் லிவர்பூல்காரன்."

"இருந்துட்டுப் போகட்டும். அந்த மனுசனை வேலையை விட்டு அனுப்பினது இவனா?"

"இல்ல மாமா. ஓனர்."

"அப்ப ஓனரை ஏண்டா ஒருத்தனும் ஏசல?"

யாரிடமும் பதில் இல்லை. அவரே தொடர்ந்தார். எஸ்டேட்டில் போனஸ் குறைந்தால் முற்றுகை எஸ்டேட் மேனேஜரான துரையின் பங்களாவுக்குத்தான் நடக்கும். குறைக்கச் சொன்னவர் சமவெளியில், ஏதோ ஒரு நகரத்தில், கண்ணில் படாத இடத்தில் இருப்பார். பழைய துரையை மாற்றிப் புதுத் துரை வந்தால், வந்தவருக்குத்தான் முதல் நாளே கொடி பிடிப்பார்கள். முதலாளி வருடத்துக்கு ஒரு தடவை காரில் வந்தால் மாலை போடுவார்கள்.

அவர் சொன்னதில் நான் ஒன்றைச் சேர்ப்பேன். எஸ்டேட்டில் முதலாளி யாரென்று பலருக்கு முகமே தெரியாது. அப்ரமோவிச்சை எல்லாருக்கும் தெரியும். மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, கோல் விழுந்தால் வெட்கத்தோடு கைதட்டும் அந்த முகம் வாராவாரம் கேமராவில் வரும். பேட்டி மட்டும் கிடையாது. பேசாத மனிதனோடு சண்டை போடுவது கஷ்டம். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பத்து வருடம் திட்டலாம், கொடி விஷயத்தில் பெனிட்டஸைத் திட்டியதுபோல.

அவசரம் பலித்த கதை

மௌனம் ஒரு காரணம்தான். பெரிய காரணம் இன்னொன்று, ஒப்புக்கொள்ளக் கசப்பானது. அந்த அவசரம் பலமுறை பலித்திருந்தது. மியூனிக் கோப்பையே ஒரு நீக்கத்தின் பலன். மார்ச்சில் வில்லாஸ்-போவாஸை அனுப்பியிராவிட்டால் மே மாதத்தில் டி மத்தேயோ ஏது? 2009இல் ஸ்கொலாரியை அனுப்பிவிட்டு ஹிடிங்கைக் கூட்டிவந்தார்கள், எஃப்.ஏ. கோப்பை கிடைத்தது. 2021 ஜனவரியில் ரசிகர்களின் செல்லப்பிள்ளை லம்பார்டை அனுப்பிவிட்டு டுக்கலைக் கூட்டிவந்தார்கள், நான்கு மாதத்தில் இரண்டாவது சாம்பியன்ஸ் லீக். மேனேஜர் ஃபெர்குசனுக்கு மான்செஸ்டர் யுனைடெட்டில் முதல் லீக் பட்டம் கிடைக்க 1986இலிருந்து 1993வரை பொறுத்தார்கள் என்ற கதையைச் சொல்லி செல்சிக்காரனை மடக்க முடியாது. அவன் கோப்பைகளைக் காட்டுவான்.

ஆக, 2012இல் டி மத்தேயோவுக்காகக் குரல் கொடுத்த ரசிகன் ஒரு சிக்கலில் இருந்தான். முதலாளியின் அவசரத்தைக் கண்டித்தால் தன் அலமாரியில் இருக்கும் கோப்பையையும் கேள்வி கேட்க வேண்டும். பெனிட்டஸைத் திட்டினால் அந்தத் தொல்லை இல்லை.

இது என் ஊகம் மட்டும்தானா என்று சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. பெனிட்டஸ் இல்லாத நீக்கங்களில் கோபம் எங்கே போனது என்று பார்க்கலாம். 2015 டிசம்பர் 17 அன்று மொரீனியோ இரண்டாம் முறை நீக்கப்பட்டார். ஏழு மாதம் முன்பு லீக் பட்டம் வாங்கியவர். இரண்டு நாள் கழித்து ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் சண்டர்லேண்டுடன் ஆட்டம். அன்று ரசிகர்கள் கூச்சலிட்டது சொந்த ஆட்டக்காரர்களைப் பார்த்து. கோஸ்டா, ஃபேப்ரிகாஸ், அசார் மூவரையும் எலிகள் என்று எழுதிய பதாகையே வந்தது. பொறுப்பேற்க வந்திருந்த ஹிடிங்கும் ட்ரோக்பாவும் மேலே அப்ரமோவிச்சின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பகை இல்லாத ஹிடிங் தப்பித்தார், ஆட்டக்காரர்கள் மாட்டினார்கள். முதலாளியை யாரும் தொடவில்லை.

2022 மார்ச்சில் இன்னும் மோசம். உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, பர்ன்லி மைதானத்தில் உக்ரைனுக்கு ஆதரவாக எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது செல்சி ரசிகர்கள் அப்ரமோவிச் பேரைப் பாடினார்கள். அப்போதைய மேனேஜர் டுக்கலே அதைக் கண்டித்தார். எங்கள் கூட்டத்தில் அன்று கடும் வாக்குவாதம். காலேஜ் பையன் ஒருவன் தன் கைப்பேசியின் முகப்பிலிருந்த நீலச் சின்னத்தை எடுத்துவிட்டான். அவன் செய்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்த மே மாதம் கழகம் கைமாறியது. செப்டம்பர் 7 அன்று புது உரிமையாளர்கள் டுக்கலை நீக்கினார்கள், ஜாக்ரெபில் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்ற மறுநாள். டி மத்தேயோ கதையின் அச்சுப் பிரதி: சாம்பியன்ஸ் லீக் வென்றவர், ஐரோப்பிய வெளியூர்த் தோல்வி, மறுநாள் காலை. ஆனால் கோபம் வேறு பாதையில் போனது. அடுத்து வந்த மேனேஜர் கிரஹாம் பாட்டரையும் ஏசினார்கள், ஆனால் அவரோடு நிற்கவில்லை. 2023 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டியிடம் எஃப்.ஏ. கோப்பையில் 4–0 என்று தோற்றபோது வெளியூர் போயிருந்த ரசிகர்கள் டுக்கல் பேரையும் அப்ரமோவிச் பேரையும் சேர்த்துப் பாடினார்கள். டுக்கலின் மேல் இருந்த பிரியம் மட்டும் அல்ல அது. பெட்டியில் உட்கார்ந்திருந்த புதியவர்களுக்குச் சொன்ன சேதி. அன்று அவர்கள் கணக்கில் ஒரு கோப்பையும் வரவாகியிருக்கவில்லை, அதனால் அவர்களைத் திட்டுவதில் யாருக்கும் தயக்கமிருக்கவில்லை.

பெனிட்டஸுக்கு என்ன ஆயிற்று

2013 பிப்ரவரி 27, மிடில்ஸ்பரோவை எஃப்.ஏ. கோப்பையில் 2–0 என்று ஜெயித்த இரவு அவர் வெடித்தார். தனக்கு இடைக்காலம் என்ற பட்டம் கட்டிவிட்டதையும், சில ரசிகர்கள் அணிக்குக் கெடுதல் செய்வதையும் வெளிப்படையாகவே சாடினார். சீசன் முடிந்ததும் போய்விடுவேன் என்றார். அந்த மே 15 அன்று ஆம்ஸ்டர்டாமில் பென்ஃபிகாவை 2–1 என்று வென்று, ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக் கோப்பை. இவானோவிச்சின் தலையடி கடைசி நேரத்தில். லீக்கில் மூன்றாவது இடம், அதாவது அவர் வாங்கிக்கொண்ட அதே இடம். அந்த சீசனில் செல்சி மொத்தம் 69 ஆட்டம் ஆடியது. சொந்த மைதானத்தில் ஏச்சு வாங்கிக்கொண்டே அதில் தன் பங்குக்கு வந்ததையெல்லாம் இழுத்து முடித்த மனிதனுக்கு, கோப்பை வாங்கிய அன்று எங்கள் கடையில் கைதட்டியவர் மாமா ஒருவர்தான். மற்றவர்கள் ஜூன் வரட்டும், மொரீனியோ வரட்டும் என்று காத்திருந்தார்கள். வந்தார்.

கொச்சியில் டிசம்பர்

எங்கள் கூட்டத்தில் பலருக்கு இப்போது கொச்சியின் கால்பந்து அணியான கேரளா பிளாஸ்டர்ஸ்தான் முதல் அணி. செல்சி இரண்டாவது. 2024 டிசம்பரில் தோல்வி மேல் தோல்வி வந்தபோது மஞ்ஞப்படை என்ற அதன் ரசிகர் அமைப்பினர் பயிற்சியாளர் மிக்கேல் ஸ்டாரேயை விட்டுவிட்டு நிர்வாகத்தைக் கேள்வி கேட்டார்கள். ஆட்களை வாங்காமல், இருப்பவர்களை விற்றுக்கொண்டிருந்தால் எந்தப் பயிற்சியாளர் வந்து என்ன என்பது அவர்கள் கேள்வி. டிக்கெட் வாங்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். அந்த மாதமே ஸ்டாரே நீக்கப்பட்டார். போராட்டம் அதோடு அடங்கும் என்று நிர்வாகம் எதிர்பார்த்ததோ என்னவோ, கூடலூரிலிருந்து கொச்சிக்கு வேன் பிடித்துப் போகிற பையன்கள் அப்போதும் கிளம்பவில்லை. கேட்டதற்கு, "ஆளை மாத்தினா போதுமாண்ணா, பணம் யாரு போடுறது?" என்றான் ஒருவன். இடைக்காலப் பொறுப்பு உதவிப் பயிற்சியாளராக இருந்த டி.ஜி. புருஷோத்தமனிடம் போனது. எங்கள் கூட்டத்தில் அவரை ஒருவரும் ஏசவில்லை.